கதவைத் தட்டியவர்

அரபு மொழியின் ஸர்ஃபுப் பாடத்தில் 'தரக்க' என்னும் வினைச்சொல்லை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும்போது, அதன் வேர்ப்பொருள் தட்டுதல் என்பதை முதலில் சொல்வது என் வழக்கம். அவ்வொரு வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. இரும்பைத் தட்டும் சம்மட்டி 'மித்ரகா'. கால்கள் தட்டித் தட்டி உண்டாக்கிய வழி 'தரீக்'. ஊரார் கதவடைத்து உறங்கும் வேளையில் வந்து சேரும் வழிப்போக்கன் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். ஆதலின் அவன் 'தாரிக்'. இரவில் தோன்றும் விண்மீனுக்கும் அதுவே பெயராயிற்று. திருக்குர்ஆனின் 86ஆம் அத்தியாயம் இப்பெயரையே தாங்கி நிற்கிறது. கி.பி. 711இல் கடல் கடந்து ஸ்பெயினின் கரையில் இறங்கிய தாரிக் இப்னு ஜியாதின் பெயரால் 'ஜபல் தாரிக்' என வழங்கிய மலைதான் ஐரோப்பியர் நாவில் ஜிப்ரால்டர் ஆயிற்று.

1997ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இளைஞர் ஒருவர் இப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அவர் கூடைப்பந்தாட்டக்காரர். பிரான்ஸ் நாட்டில் வளர்ந்து, அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், அதாவது உலகம் என்.பி.ஏ. என்று சுருக்கி வழங்கும் அப்பெரும் போட்டித் தொடரில், முதன்முதலாக ஆடியவர் அவரே. தாரிக் அப்துல் வஹத் என்பது அவர் ஏற்ற பெயர். பெற்றோர் இட்ட பெயர் ஒலிவியே சேன்-ழான்.

இவரைப் பற்றி எழுதவேண்டும் என்னும் எண்ணம் எனக்கு எழுந்தது விளையாட்டின் மீதுள்ள மோகத்தால் அன்று. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் காரைக்காலிலிருந்து பாரிஸ் மாநகரின் புறநகர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. புதுச்சேரி, காரைக்கால் பகுதியினர் பலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டென்பதும், அவ்வழியே அங்கே நம்மவர் குடும்பங்கள் வேரூன்றியுள்ளன என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. அவருடைய மகன் பதினான்கு வயதுச் சிறுவன். கூடைப்பந்தே உலகம் என்று இருப்பவன். அவன் பெயரும் தாரிக். "இந்தப் பெயரில் ஒரு பெரிய ஆட்டக்காரர் இருந்தார் என்று அத்தா பெருமையாகச் சொல்கிறார், ஹஜ்ரத். நான் பார்த்தேன். ஆட்டத்துக்கு 7.8 புள்ளிகள்தானே எடுத்திருக்கிறார்?" என்று தொலைபேசியில் என்னிடமே முறையிட்டான். அவனுடைய தகப்பனாரோ, "பையனுக்குக் கணக்குத்தான் தெரிகிறது ஹஜ்ரத், மதிப்புத் தெரியவில்லை" என்றார். இருவர் சொன்னதிலும் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குப் பட்டது. அக்குறை இன்னதென்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒலிவியே சேன்-ழான் 1974ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள மேசோன்-அல்ஃபோர் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தாயாரும் கூடைப்பந்து ஆடியவர். எனவே பந்தின் ஓசை அவர் வீட்டுக்குப் புதியதன்று. இங்கே அவருடைய பழைய பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஒலிவியே என்பது பிரெஞ்சு மொழியில் ஒலிவ மரத்துக்கு வழங்கும் சொல். நாம் ஜெய்த்தூன் என்கிறோம். ழான் என்பது யோவான்; அரபியில் யஹ்யா. ஆகவே அவர் விட்டுவந்த பெயரும் நமக்கு அந்நியமானதன்று. பெயர் மாற்றத்தைப் பற்றி எழுதும் நம்மவர் சிலர், பழைய பெயரை ஏதோ அழுக்கைத் துடைத்தெறிவது போலப் பேசுவதுண்டு. அப்பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. தாயும் தந்தையும் அன்போடு இட்ட பெயர் அது.

கூடைப்பந்து அமெரிக்காவில் பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக்கூடைகளை உயரே மாட்டி இதனைத் தொடங்கினார். (ஓர் ஆசிரியர் தம் வகுப்பை அடக்க வழி தேடியதில் பிறந்த ஆட்டம் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.) இரண்டே ஆண்டுகளில், 1893 டிசம்பரில், பாரிஸ் நகரின் ட்ரெவீஸ் தெருவில் உள்ள கிறித்தவ இளைஞர் சங்கக் கூடத்தில் ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்தாட்டம் நடைபெற்றது. அந்தக் கூடம் இன்றும் நிற்கிறது. என் மாணவர் அதனைப் போய்ப் பார்த்துவந்து, மரத்தரையின் நடுவே தூண்கள் நிற்பதைச் சொல்லி வியந்தார்.

இவ்வளவு முற்பட்டுக் கூடைப்பந்தைக் கற்ற நாடு, அமெரிக்காவின் உச்சத் தொடரில் தன் பிள்ளை ஒருவனைக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. 1984இல் எர்வே துபுய்சோன் என்னும் சிறந்த எறிவாளர் நியூ ஜெர்சி அணியின் கோடைகாலச் சோதனை ஆட்டங்கள்வரை சென்றார்; அணியில் இடம் கிட்டவில்லை. 1989இல் யூகோஸ்லாவியாவிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் வீரர்கள் பலர் ஒருசேர அங்கே நுழைந்தபோதும் பிரெஞ்சுக்காரர் எவரும் அவர்களுள் இல்லை. ஐரோப்பியர் மென்மையானவர்கள், முட்டிமோதி ஆடமாட்டார்கள், எதிரியைத் தடுக்கத் தெரியாதவர்கள் என்னும் எண்ணம் அமெரிக்கப் பயிற்சியாளர்களிடம் வேரூன்றியிருந்த காலம் அது.

சேன்-ழான் இந்த வாயிலை நேரே அணுகவில்லை. பல்கலைக்கழகத்தின் வழியே அணுகினார். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தின் அணி அந்நாளில் அமெரிக்கா முழுதும் பேசப்பட்டது. 1991இல் ஒரே ஆண்டில் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் இரண்டு முறை தொடர்ந்து நாட்டின் இறுதியாட்டம்வரை சென்றிருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவரான கிரிஸ் வெபர், நம்மவர் வந்த அதே 1993இல் அங்கிருந்து விடைபெற்று என்.பி.ஏ.வுக்குச் சென்றுவிட்டார். மற்ற நால்வர் இருந்தனர். புகழ்பெற்றவர்கள் நிறைந்த வீட்டில் பிந்தி வந்த விருந்தாளிக்குத் திண்ணையில்தான் இடம். மொழியும் புதிது, ஊரும் புதிது. பின்னர் அவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

மாறிய இடம் பெயர்பெற்றதன்று. 1996இல் அவ்வணி வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே மிகுதி; எனினும் தன் வட்டாரப் போட்டியின் இறுதியில் வென்று தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. அங்கே முதலாட்டத்திலேயே, அவ்வாண்டு பட்டம் வென்ற கென்டக்கி அணியிடம் தோற்றது. அடுத்த ஆண்டில் சேன்-ழான் ஆட்டத்துக்குச் சராசரியாக 23 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். பெரிய இடத்தின் ஓரத்தில் இருப்பதைவிடச் சிறிய இடத்தின் நடுவில் நின்று தன் தகுதியைக் காட்டுவது மேல் என்று அவர் கருதியிருக்கலாம். பெரிய அரபுக் கல்லூரிகளை விட்டுச் சிற்றூர் மத்ரஸாக்களுக்கு வந்து, அங்கே நன்கு ஓதிச் சிறந்த மாணவர் சிலரை நானும் கண்டிருக்கிறேன்.

1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்த நாளில், சாக்ரமென்டோ கிங்ஸ் அணி 11ஆவதாக அவரை அழைத்தது. அழைக்கப்பட்ட பெயர் ஒலிவியே சேன்-ழான். இஸ்லாத்தைத் தழுவிய அவர் அவ்வாண்டிலேயே பெயரை மாற்றிக்கொண்டார். இலையுதிர்காலத்தில் களத்தில் இறங்கியபோது முதுகில் பொறித்திருந்த பெயர் அப்துல் வஹத்.

அரபு ஓதிய நான் இங்கே சற்று நிற்க வாசகர்கள் இசைவார்களாக. அப்து என்பது அடியான். வாஹித், அஹத் என்னும் இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்தவை. ஒருவன், தனித்தவன் எனும் பொருளில் இறைவனைச் சுட்டுபவை. ஐரோப்பிய எழுத்துகளின் வழியே வந்தபோது உயிரொலி சற்றுத் திரிந்து வஹத் என்றாயிற்றென்று கொள்கிறேன். தனித்தவனின் அடியான், இரவில் வந்து தட்டுபவன்: இரண்டையும் சேர்த்தால் வரும் பொருள் இது. முன்னோடியாய் நுழைந்த ஒருவருக்கு இதனினும் பொருந்திய பெயரை நிகண்டுகளைப் புரட்டித் தேடினாலும் காண்பது அரிது. ஆனால் அமெரிக்காவின் வருணனையாளர்களுக்கு அப்துல் என்பது ஒரு பெயர், வஹத் என்பது வேறொரு பெயர். 'இன்னாருடைய அடியான்' என்பதில் பாதியை வெட்டி 'இன்னாருடைய' என்று மட்டும் அழைத்தால் எப்படியிருக்கும்! நம் ஊர்களிலும் அப்துல் காதரை 'அப்துல்' என்று கூப்பிடும் வழக்கம் பெருகிவிட்டதால், இதில் அவர்களை மட்டும் நொந்து பயனில்லை.

அந்நாட்டுக் கூடைப்பந்தில் இத்தகைய பெயர்கள் அதற்கு முன்னரே ஒலித்தவைதாம். லூ அல்சின்டராக இருந்தவர் 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயரைப் பொதுவாழ்வில் ஏற்று, பின்னர் அத்தொடரின் வரலாற்றிலேயே மிகுதியான புள்ளிகள் பெற்றவராக நெடுங்காலம் விளங்கினார். 2023இல்தான் அவ்வெண்ணிக்கையை மற்றொருவர் கடந்தார். நைஜீரியாவில் பிறந்த ஒலாஜுவான், அகீம் என்று எழுதப்பட்ட தம் பெயரின் முன்னே விடுபட்டிருந்த ஹா எழுத்தை 1991இல் சேர்த்து ஹகீம் ஆனார். 1995இல் ரமலான் பிறந்த பிப்ரவரி மாதத்தில் அவர் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடி அம்மாதத்தின் சிறந்த வீரர் எனத் தேர்வு பெற்றார். 1993இல் கிரிஸ் ஜாக்சன் மஹ்மூது அப்துர் ரவூஃப் ஆனார். 1996இல் நாட்டுப்பண்ணின்போது எழுந்து நிற்க மறுத்ததற்காக ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைக்கப்பட்டார். பின்பு தொழுகையில் நிற்பதுபோல் கையேந்தி நிற்பதாக உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே அவரை டென்வர் அணி சாக்ரமென்டோவுக்கு அனுப்பிவிட்டது.

ஆகவே 1997-98ஆம் பருவத்தில் புதியவர் தாரிக் சாக்ரமென்டோவுக்கு வந்தபோது, அங்கே அப்துர் ரவூஃப் இருந்தார். ஒருவர் தம் பெயருக்காகவும் கொள்கைக்காகவும் நாடே கூச்சலிட்டதைக் கேட்டுத் தளர்ந்திருந்தவர். மற்றவர் அன்றுதான் புதிய பெயரோடு வாசலில் நிற்பவர். அவ்விருவரும் என்ன பேசிக்கொண்டனர் என்பதைக் கற்பனை செய்து எழுத என் பேனா துணியவில்லை. தாரிக்கின் பெயரைச் சுற்றி அத்தகைய பெரும் புயல் எதுவும் எழவில்லை என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

முதற்பருவத்தில் 59 ஆட்டங்கள், சராசரி 6.4 புள்ளிகள். அடுத்த பருவம் வீரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையே எழுந்த ஊதியத் தகராற்றால் பிந்தித் தொடங்கி, 50 ஆட்டங்களாகக் குறுகியது. அப்பருவமே அவர் வாழ்வில் வளமானது எனலாம். மிச்சிகனில் அவர் காலடி வைத்தபோது விடைபெற்றுச் சென்ற கிரிஸ் வெபர் இப்போது சாக்ரமென்டோவுக்கு வந்து சேர்ந்தார். செர்பியாவின் விளாடே திவாச், பேஜா ஸ்டோயகோவிச் ஆகியோரும், பந்தைக் கண்கட்டு வித்தை போலக் கைமாற்றும் ஜேசன் வில்லியம்சும் அதே ஆண்டில் வந்தனர். கண்டவர் மயங்கும் ஆட்டம் அது. 50இல் 49 ஆட்டங்களில் தாரிக் களமிறங்கினார். தொடக்க ஐவருள் அவரும் ஒருவர். அணி 27 வெற்றி, 23 தோல்வி பெற்று, பட்டத்துக்கான சுற்றில் யூட்டா அணியை ஐந்தாம் ஆட்டம்வரை இழுத்துச் சென்று 2-3 என்று தோற்றது. யூட்டாவோ அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிப்போட்டி ஆடிய அணி.

இங்கேதான் சிறுவன் தாரிக்கின் கணக்கைப் பற்றிப் பேசவேண்டும். கூடைப்பந்தில் எண்ணப்படாதது எதுவுமில்லை என்று சொல்வார்கள். எறிந்த பந்து, விழுந்த பந்து, திரும்பிவந்து பிடித்த பந்து, பறித்த பந்து, தடுத்த பந்து எல்லாம் பட்டியலில் ஏறும். ஆனால் எதிரணியின் தலைசிறந்த எறிவாளர் முன்னே ஒருவர் முழங்கால் மடக்கி, கைவிரித்து, அவர் போகும் பக்கமெல்லாம் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எறிவாளர் வழியின்றிப் பந்தை வேறொருவருக்குத் தள்ளிவிடுகிறார். அந்த வேறொருவர் எறிந்து தவறுகிறார். இதில் தடுத்து நின்றவரின் பெயரால் எண்ணப்படுவது ஒன்றுமில்லை. வெபரும் திவாச்சும் வில்லியம்சும் புள்ளிகளை வாரிக் குவிக்கும் அணியில் இன்னுமொரு குவிப்பவருக்கு வேலையில்லை. மறுபக்கம் குவிவதைத் தடுக்கும் ஒருவர் வேண்டும். ஆறடி ஆறங்குல உயரமும் கட்டான உடலும் கொண்ட தாரிக் அந்தப் பணியை ஏற்றார். கையில் பந்தின்றிக் கூடையை நோக்கி வெட்டிப் பாய்வார். தவறிய பந்துக்கு எகிறுவார். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் அவர் வல்லவரல்லர், அதை மறைப்பதற்கில்லை. ஐரோப்பியர் எறியத்தான் தெரிந்தவர், தடுக்கத் தெரியாதவர் என்று எண்ணியிருந்த ஊரில், தடுக்கத் தெரிந்து எறிதலில் குறைந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து நின்றது அந்த எண்ணத்துக்கே ஒரு மறுமொழி.

தகப்பனார் சொன்ன மதிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பெயர் மாறிய செய்தி காதில் விழுந்ததும், அவரை நம் பட்டியலில் ஏற்றி, பெருமைப்பட்டு, அத்தோடு அவரை மறந்துவிடுகிறோம். அவர் எந்த அணியில் ஆடினார், எப்படி ஆடினார், என்ன துன்பப்பட்டார் என்று கேட்பதில்லை. பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறோம். சிறுவன் எண்ணை எடுத்துக்கொண்டு ஆளை விட்டான். தகப்பனார் பெயரை எடுத்துக்கொண்டு விட்டார். என் பார்வையில் சிறுவனே மேல். அவன் தேடியாவது பார்த்தான்.

1999இல் சாக்ரமென்டோ அவரை ஆர்லாண்டோ அணிக்கு மாற்றிக்கொடுத்தது. ஆர்லாண்டோ அப்போது பெரிய பெயர்கள் எதுவுமற்ற அணி. எல்லாரும் அது கடைசியில் நிற்கும் என்றனர். டாக் ரிவர்ஸ் என்பார் பயிற்சியாளராக வந்த முதலாண்டு அது. தேர்வு நாளில் எவராலும் அழைக்கப்படாத வீரர்கள் பலரை வைத்துக்கொண்டு, உழைப்பு ஒன்றையே முதலாகக் கொண்டு, 41 வெற்றி 41 தோல்வி என்று அவ்வணி நிமிர்ந்து நின்றது. ரிவர்ஸ் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார். அவ்வணிக்காக ஆடிய 46 ஆட்டங்களில் தாரிக்கின் சராசரி 12.2 புள்ளிகள். அவர் வாழ்வின் உச்சம் அதுவே. ஆனால் பருவத்தின் பாதியில், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவரை டென்வருக்கு அனுப்பிவிட்டனர். அடுத்த கோடையில் பெரும் வீரர்களை விலைக்கு வாங்க ஆர்லாண்டோவுக்குக் கணக்கில் இடம் தேவைப்பட்டது. வீரன் நன்றாக ஆடுவதும் அவனை அனுப்பிவிடுவதும் ஒரே மாதத்தில் நிகழக்கூடிய சந்தை அது. (டென்வரிலிருந்து எதிர்த்திசையில் அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் சான்சி பில்லப்ஸ். அந்நாளில் எவரும் பொருட்படுத்தாத அவர் 2004இல் டெட்ராய்ட் அணிக்குப் பட்டம் வென்று தந்தார்.)

டென்வர் அவரோடு பல்லாண்டுகளுக்கான பெருந்தொகை ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பின் காயங்கள். மூன்று பருவங்களில் அவ்வணிக்காக அவர் ஆடியவை 15, 29, 20 ஆட்டங்கள். 2002 பிப்ரவரியில் பலரோடு சேர்த்து டல்லாஸுக்கு மாற்றப்பட்டார்; அதே மாற்றத்தில் டல்லாஸிலிருந்து டென்வருக்குப் போனவர்களுள் ஜுவான் ஹவர்டும் ஒருவர். மிச்சிகனில் தாரிக்குடன் ஒரே அணியில் ஆடியவர் அவர். டல்லாஸில் 4 ஆட்டங்கள், அடுத்த பருவத்தில் 14 ஆட்டங்கள். அவ்வளவுதான். 2003க்குப் பின் அத்தொடரில் அவர் ஆடவில்லை. ஒப்பந்தம் மட்டும் நீண்டது. 2005இல் டல்லாஸ் அவரை விடுவித்தது.

ஆறு பருவங்களில் அவருடைய அணிகள் ஒவ்வொன்றும் ஆடவேண்டியிருந்தவை 460 ஆட்டங்கள். அவர் ஆடியவை 236. ஏறத்தாழப் பாதி. ஆடாத நாட்களுக்கும் ஊதியம் வந்தது. இதைச் சொல்லி அவரைப் பழித்தவர்கள் உண்டு. உழைக்காமல் வரும் பொருளைப் பற்றி நம் கிதாபுகளில் கடுமையான பேச்சு உண்டென்பதை நான் அறிவேன். ஆனால் இது அவ்வகையைச் சேர்ந்ததென்று என்னால் சொல்ல இயலாது. ஒப்பந்தம் செய்த அணி, உடைந்துபோகக்கூடிய உடலை விலைபேசுகிறோம் என்பதை அறிந்தே செய்தது. உடைந்தபின் விலையை நொந்துகொள்வது வணிக நேர்மையாகாது. இருபத்தெட்டு வயதில், ஊதியம் கையில் வர, தோழர்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பது இன்பம் என்று எண்ணுபவர்கள், தம் தொழிலைச் செய்ய முடியாமல் ஒரு மாதமாவது படுத்திருந்து பார்க்கவேண்டும்.

அவர் ஒதுங்கிய அதே வேளையில் மற்றொரு பிரெஞ்சுக்காரர் எழுந்துகொண்டிருந்தார். டோனி பார்க்கர் 2001இல் 28ஆவதாகச் சான் அன்டோனியோ அணியால் அழைக்கப்பட்டவர். அப்போது வயது பத்தொன்பது. முதற்சோதனையில் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச்சுக்கு அவரைப் பிடிக்கவில்லை. மறுபடி அழைத்துப் பார்த்தபின்தான் மனம் மாறினார். 2003ஆம் ஆண்டு மேற்குப் பகுதியின் இறுதிச்சுற்றில் பார்க்கரின் சான் அன்டோனியோவும் தாரிக் சேர்ந்திருந்த டல்லாஸும் மோதின. சான் அன்டோனியோ 4-2 என வென்று, அடுத்துப் பட்டத்தையும் வென்றது. பார்க்கருக்கு அது நான்கு பட்டங்களுள் முதலாவது. தாரிக்குக்கு அது இறுதிப் பருவம். 2007 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியராகப் பார்க்கர் விளங்கினார். 2019இல் ஓய்வு பெறும்வரை, பட்டச் சுற்றுகளை நீக்கியே, 1,254 ஆட்டங்கள் ஆடினார். தாரிக் ஆடியதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல்.

பார்க்கரின் பெருமையைத் தாரிக்கின் கணக்கில் எழுதுவது முறையன்று. பார்க்கரின் தகப்பனார் அமெரிக்க ஆட்டக்காரர். வேன்சேன் காட்டிலுள்ள தேசிய விளையாட்டு நிலையத்தில் பயின்று, பாரிஸ் அணியில் ஆடி, தம் கால்விரைவால் அவர் உயர்ந்தார். தாரிக் இல்லாவிட்டால் பார்க்கர் இல்லை என்று எவரேனும் எழுதினால் அது மிகை. ஆயினும் 1997க்கு முன் ஒரு பிரெஞ்சு இளைஞனின் பெயரைக் கேட்ட அமெரிக்க அணித் தலைவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை, பின்னர் இருந்தார். 2000ஆம் ஆண்டில் ழெரோம் மொய்சோவைப் பாஸ்டன் அழைத்தது 11ஆவது இடத்தில். 2003இல் மிக்கேல் பியெத்ருஸ் அழைக்கப்பட்டதும் 11ஆவது இடத்தில்தான். அதே இடம் மூன்று முறை வந்தது தற்செயல் என்றாலும் எனக்குச் சுவையாகவே இருக்கிறது. தட்டியவர் எல்லாருக்கும் கதவு திறந்ததென்றும் சொல்லமுடியாது. 1999இல் நியூயார்க் அணி 15ஆவதாக அழைத்த ஃபிரெதெரிக் வேய்ஸ் அத்தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வின்ஸ் கார்ட்டர் தம் தலைக்கு மேலே தாவிப் பந்தைக் கூடையில் திணித்த அந்த ஒரு காட்சிக்காகவே உலகம் வேய்ஸை நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஒலிம்பிக்கில் அவர் அணி வெள்ளிப்பதக்கம் வென்றதை எத்தனை பேர் அறிவர்?

2023இல் விக்டர் வெம்பன்யாமா தேர்வின் முதலிடத்தில் அழைக்கப்பட்டார். 2024இல் முதலிடமும் இரண்டாமிடமும் ஆறாமிடமும் பிரெஞ்சு இளைஞர்களுக்கே கிடைத்தன. அவ்வாண்டு முதலிடம் பெற்ற ஜக்கரி ரிசாஷேயின் தகப்பனார் சிட்னியில் வேய்ஸோடு வெள்ளிப்பதக்கம் வென்றவர். சிறுவன் தாரிக்குக்கு இவர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். திறந்த கதவின் வழியே உள்ளே நடப்பவர்க்குத் தட்டும் ஓசை கேட்டிருக்காது. அதில் அவன் குற்றம் ஒன்றுமில்லை.

அவனிடம் நான் இத்தனையும் சொல்லவில்லை. 1998-99ஆம் பருவத்தின் ஆட்டங்களுள் ஏதேனும் ஒன்றை, பந்து இருக்கும் இடத்தைப் பாராமல், தாரிக் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு முழுதும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இப்படிப் பார்ப்பது சிரமமாக இருக்கிறது, ஹஜ்ரத், கண் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது" என்றான். பின்பு தன் பெயரை அரபியில் எழுதக் கற்றுக்கொடுக்கச் சொன்னான். தோ, அலிஃப், ரா, காஃப். அழுத்தமான தோ, அடிநாவில் பிறக்கும் பெரிய காஃப். அந்தக் காஃபுக்கு மேலே எத்தனை புள்ளிகள் என்று கேட்டான். இரண்டு என்றேன். பையன் சிரித்தான்.

மூத்த தாரிக் ஆட்டத்தை விட்டபின், தாம் பயின்ற சான் ஹோசே நகரில் லிங்கன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் அணிக்குப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அங்கே சேரும் பிள்ளைகள் யாவரும் கூடையில் எறியவேண்டும் என்னும் ஆசையோடு வருபவர்களே. முழங்காலை மடக்கிக் கைவிரித்து நிற்க அவர்களைப் பழக்குவதுதான் பயிற்சியாளரின் பாதி வேலை.